விளையாட்டு வாளும் மெய்ப் பணமும்

சீகிரியாக் குன்றைக் காண வரும் பிறநாட்டுப் பயணி ஒருவர் வாயிலிற் பணஞ் செலுத்தி நுழைவுச் சீட்டொன்றைப் பெறுகிறார். அதன் விலை இன்று முப்பது அமெரிக்க டொலருக்கும் மேற்பட்டது. அச்சீட்டுடன் அவர் நீர்த்தோட்டங்களைக் கடக்கிறார். சுழற்படியேறி ஓவியக் குகையை அடைகிறார். காசியப்பன் காலத்திலே, ஐந்தாம் நூற்றாண்டில், பாறையிலே தீட்டப்பெற்ற அழகியரை நோக்கி நிற்கிறார். ஒளிப்படம் எடுப்பதற்கும் அங்கே அனுமதியில்லை. கீழே இறங்கி வரும்போது அவர் கையில் எஞ்சியிருப்பது ஒரு துண்டுச் சீட்டு மாத்திரமே. ஆயினும், தாம் ஏமாற்றப்பட்டதாக அவர் கருதுவதில்லை. தாம் வாங்கியது காணும் உரிமை. ஓவியம் அன்று என்பதை அவர் நன்கறிவார்.

அதே குன்றின் அடிவாரத்தில், இனாமலுவச் சந்தியிலிருந்து வரும் பாதையோரத்து வீடொன்றில், பதினேழு வயது இளைஞன் ஒருவன் இருப்பதாகக் கற்பனை செய்து கொள்வோம். அவனும் பணங் கொடுத்து ஒன்றை வாங்குகிறான். கைத்தொலைபேசி விளையாட்டிலே தன் வீரனுக்கு ஓர் உடை; துப்பாக்கிக்கு ஒரு வண்ணப் பூச்சு. விலை மூவாயிரம் ரூபாய். தந்தை அதனைக் கண்டுவிடுகிறார்.

"காற்றுக்கா மகன் இவ்வளவு காசு கொடுத்தாய்?" என்று கேட்கிறார்.

"காற்றில்லை அப்பா, இது என்னுடைய பொருள். வேண்டுமென்றால் நாளைக்கே ஐயாயிரத்துக்கு விற்பேன்" என்கிறான் மகன்.

நேயர்களே, இவ்விருவரில் யார் சொல்வது சரி? தந்தை சொல்வது முற்றிலும் சரியன்று. மகன் சொல்வதில் ஒரு பாதி உண்மை. மற்றப் பாதியிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இவ்வாணிகம் நடைபெறும் முறையை முதலிற் சற்று விளக்க வேண்டும். வீட்டிலுள்ள மூத்தோர் பலருக்கு அது புலப்படுவதேயில்லை. பிரீ ஃபயர், பப்ஜி முதலான விளையாட்டுகளைத் தொலைபேசியில் இறக்கிக் கொள்வதற்குக் காசு வேண்டியதில்லை. நிறுவனத்தின் வருவாய் வேறு வழியாக வருகிறது. முன்னதில் வைரம் என்றும், பின்னதில் யூசி என்றும் வழங்கும் விளையாட்டு நாணயத்தை மெய்ப் பணங் கொடுத்து வாங்கி, அந்நாணயத்தைக் கொண்டு உடையும் படைக்கலமும் வாங்க வேண்டும். கடனட்டை இல்லாத சிறுவர் இதற்கு இடைத்தரகரை நாடுகின்றனர். வங்கிக் கணக்கிலோ, தொலைபேசிப் பணப்பையிலோ ரூபாயைச் செலுத்தித் தம் விளையாட்டு எண்ணைக் கொடுத்தால், தரகர் நாணயத்தை அவ்வெண்ணில் ஏற்றிவிடுகிறார். இது முதல் வகை.

இரண்டாம் வகை, கணக்கையே விற்பது. ஈராண்டு மூவாண்டு ஆடி உயர்நிலை அடைந்து, அரிய உடைகள் பல சேர்த்த ஒருவன், தன் கணக்கின் பெயரையும் மறைசொல்லையும் இன்னொருவனுக்கு விலைக்குக் கொடுத்துவிடுகிறான். கூலி பெற்றுக்கொண்டு பிறருக்காக இரவிரவாக ஆடி, அவர்தம் நிலையை உயர்த்திக் கொடுப்பதும் உண்டு. இது மூன்றாம் வகை. முதல் வகைக்கு நிறுவனங்கள் தாம் ஒப்புக்கொண்ட விற்பனையாளர் வாயிலாக இடமளிக்கின்றன. கணக்கை விற்பதை அவற்றின் விதிகள் தடுக்கின்றன. விற்றது தெரிந்தால் கணக்கை முடக்கிவிடவும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு. விளையாட்டைத் தொடங்கும்போது "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்திய கணத்திலேயே அச்சிறுவன் இவ்விதிகளை ஏற்றுக்கொண்டவனாகிறான். அதனைப் படித்துப் பார்த்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

மோசடி நடப்பது பெரும்பாலும் இரண்டாம் வகையிலே. விற்பவன் மறைசொல்லைக் கொடுக்கிறான். வாங்குபவன் அதனை மாற்றியும் விடுகிறான். எல்லாம் முடிந்ததென்று எண்ணுகிறான். ஆனால் அக்கணக்கு முதன்முதலில் எந்த மின்னஞ்சலோடு பிணைக்கப்பட்டதோ, அது இன்னும் விற்றவன் கையில் இருக்கிறது. ஒரு வாரங் கழித்து, "என் கணக்கை யாரோ களவாடிவிட்டார்" என்று அவன் நிறுவனத்துக்கு முறையிடுகிறான். நிறுவனத்தின் ஏடுகளில் முதற் சொந்தக்காரன் அவனே. கணக்கு அவனிடம் திரும்பிச் சென்றுவிடுகிறது. அதை அவன் வேறொருவனுக்கு மீண்டும் விற்கலாம். வாங்கினவன் எங்கே போய் முறையிடுவான்? நிறுவனத்திடம் சென்றால், விதியை மீறி வாங்கியதாகத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்குபவன் விற்பவனை ஏமாற்றும் வகையும் உண்டு. களவாடிய கடனட்டையால் நாணயத்தை வாங்கிப் பரிசாக அனுப்பி, அதற்கு மாற்றாகப் பொருளைப் பெற்றுக்கொள்வான். அட்டைக்கு உரியவர் வங்கியில் முறையிட்டதும் பணம் மீட்கப்படும், நாணயம் பறிக்கப்படும், நேர்மையாக விற்றவனின் கணக்கும் முடங்கும்.

"இல்லாத பொருளை வாங்கினால் இப்படித்தான்" என்று மூத்தோர் சொல்லலாம். அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது. அதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சீகிரியாக் குன்றிலேயே இருக்கிறது. ஓவியக் குகையை அடுத்து நிற்கும் கண்ணாடிச் சுவரிலே, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வந்தோர் கூர்ங்கருவியால் சிங்களச் செய்யுட்களைப் பொறித்துச் சென்றனர். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 செய்யுட்களைப் படித்தறிந்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவற்றுட் பல, சுவரிலுள்ள ஓவிய மங்கையரை உயிருள்ளவராகவே கொண்டு பேசுபவை. மறுமொழி கூறாத அம்மங்கையர்மேல் ஏக்கங் கொண்டோர் உண்டு; சினங் கொண்டோரும் உண்டு. துறவியரும் வீரரும் பெண்டிரும் என எத்தனையோ வகையினர் நெடுவழி நடந்து வந்து, மலையேறி, ஓர் உருவத்தின் முன் தம் உள்ளத்தைச் செலவிட்டனர். 1967ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாரோ அவ்வோவியங்கள்மீது பச்சை வண்ணத்தைப் பூசிக் கெடுத்தபோது நாடே துயருற்றது. இத்தாலியரான லூசியானோ மரன்சி என்னும் வல்லுநர் வந்து அவற்றைச் சீர்செய்தார். சுவரிலிருந்த பெண்டிர் மெய்ம்மாந்தர் அல்லர். ஆனால் இழப்பு மெய்யானதென்பதில் எவர்க்கும் ஐயம் இருந்ததில்லை.

ஆகவே, உருவத்துக்கு மதிப்பளிப்பது மனிதனின் பழைய இயல்பு. விளையாட்டுப் பொருளுக்கும் சந்தையில் மதிப்பு உண்டென்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர். எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டு 1999இல் வெளிவந்தது. அதிலே நோராத் என்றொரு கற்பனை உலகம். அவ்வுலகின் வாளும் கவசமும் நாணயமும் ஈபே என்னும் இணைய ஏலச் சந்தையில் டொலருக்கு விலைபோயின. அவ்விலைகளை ஆராய்ந்து காஸ்ட்ரோனோவா 2001ஆம் ஆண்டு இறுதியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோராத்தில் ஒருவன் ஒரு மணி நேரம் ஆடி ஈட்டுவதன் பெறுமதி 3.42 டொலர் என்றும், தலைக்குரிய உற்பத்தி அளவில் அவ்வுலகம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட இடத்தைப் பெறுமென்றும் அவர் கண்டார். தேசப்படத்தில் இல்லாத ஒரு நாட்டுக்கு வருமானம் கணிக்கப்பட்டது! பின்னர், 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஈபே இத்தகைய பொருள்களின் ஏலத்தை நிறுத்திவிட்டது. வாணிகம் நிற்கவில்லை, வேறு சந்தைகளுக்கு இடம் பெயர்ந்தது.

மதிப்பு உண்டென்று கண்ட இடத்திலே கூலியாளும் தோன்றுவான். சீன நாட்டில், கூடங்களில் வரிசை வரிசையாகக் கணினிகளை வைத்து, இளைஞரை முறைவைத்து ஆடச் செய்து, அவர்கள் ஈட்டும் விளையாட்டுப் பொன்னை மேனாட்டார்க்கு விற்கும் தொழில் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வளர்ந்தது. பகலிற் கல்லுடைத்த கைதிகள் இரவில் இப்பொன்னை ஈட்டுமாறு வற்புறுத்தப்பட்டனரென்று முன்னாட் கைதி ஒருவர் 2011இல் இலண்டன் நாளேடொன்றுக்குக் கூறினார். பொருள் நிழலாயினும் கைவலி நிழல் அன்று.

இனி, சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதைப் பார்க்கலாம். இங்கேதான் இளைஞனுடைய கூற்றின் மற்றப் பாதி சோதனைக்கு உள்ளாகிறது.

சீன இளைஞர் ஒருவர் ஈராண்டுக் காலமும் ஏறத்தாழப் பதினாயிரம் யுவானும் செலவிட்டு, "செந்நிலவு" எனப் பொருள்படும் பெயருடைய விளையாட்டொன்றிற் படைக்கலங்கள் பல சேர்த்திருந்தார். 2003ஆம் ஆண்டில் அவை களவுபோயின. களவாடியவன் யாரென நிறுவனம் சொல்ல மறுத்தது. அவர் நீதிமன்றத்தை நாடினார். அவ்வாண்டு டிசம்பரில், பொருள்களை மீட்டுக் கொடுக்குமாறு நிறுவனத்துக்கு ஆணை பிறந்தது. ஷங்காய் நகரில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே ஒருவர் தம் விளையாட்டு வாளை நண்பருக்கு இரவல் கொடுத்தார். நண்பர் அதனை 7,200 யுவானுக்கு விற்றுவிட்டார். இழந்தவர் பொலிஸாரிடம் முறையிட்டபோது, இது சட்டங் காக்கும் சொத்து அன்று எனப் பதில் கிடைத்தது. நண்பர் பணந் தருவதாகச் சொல்லிக் காலந்தாழ்த்தினார். பொறுமையிழந்த அவர் நண்பரின் வீட்டுக்குச் சென்று அவரைக் கத்தியாற் குத்திக் கொன்றார். ஒத்திவைக்கப்பட்ட மரண தண்டனை பெற்றார். கொலைக்கு நியாயம் எதுவுமில்லை. ஆனால் முறையிடச் சென்ற மனிதனுக்குச் சட்டத்தில் ஒரு கதவேனும் திறந்திருந்தால் என்ற எண்ணம் எழாமலிராது.

ஒல்லாந்து தேசத்தில் அக்கதவு திறந்தது. 2007ஆம் ஆண்டில் லேயுவார்டன் என்னும் ஊரில், பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை அவனிலும் மூத்த இருவர் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் அவன் வைத்திருந்த தாயத்தையும் முகமூடியையும் தம் கணக்குக்கு மாற்றிக் கொண்டனர். வழக்கு அந்நாட்டு உயர்நீதிமன்றம் வரை சென்றது. "இவை வெறும் மின்குறிகள், களவாடத்தக்க பொருள் அல்ல, மேலும் இவை விளையாட்டு நிறுவனத்துக்கே உரியவை" என்பது எதிர்வாதம். 2012ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. சிறுவன் காலத்தையும் உழைப்பையும் செலவிட்டு ஈட்டியவை அவை; அவனுக்கு மதிப்புடையவை; அவன் ஒருவனது ஆட்சியிலேயே இருந்தவை; அவ்வாட்சியை அவன் இழந்தான்; ஆதலின் அது களவே என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புக்குத் துணைநின்றது பழைய வழக்கொன்று. அது சுவையானது, ஆகையால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹேக் நகரத்துப் பல்வைத்தியர் ஒருவர் தம் வீட்டு மின்மானியை ஊசியொன்றால் ஓடாமற் செய்து, கட்டணமின்றி மின்சாரத்தை நுகர்ந்து வந்தார். பிடிபட்டபோது, "மின்சாரம் கையாற் பிடிக்கக்கூடிய பொருளா? பிடிக்க முடியாததை நான் எப்படித் திருட முடியும்?" என்னும் வாதம் அவர் சார்பில் எழுந்தது. 1921ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம், மின்சாரமும் களவாடத்தக்க பொருளே என்றது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, அவ்வூசி தாயத்தையும் முகமூடியையும் காத்தது.

இலங்கைக்கும் இவ்விடத்தில் ஓர் உறவு உண்டு. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோம-ஒல்லாந்தச் சட்டமே இந்நாட்டின் பொதுச் சட்டமாக இன்றும் நிலவுகிறது. உருவுள்ள பொருள், உருவற்ற பொருள் என்ற பாகுபாடு அதில் தொன்றுதொட்டு உண்டு. ஆனால் களவு என்னும் குற்றத்தை வரையறுப்பது அச்சட்டம் அன்று. அதனை வரையறுப்பது ஆங்கிலேயர் 1883ஆம் ஆண்டில் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை. களவாடத்தக்கது அசையும் பொருள். அசையும் பொருள் என்பது உருவுள்ள பொருள் என்பதே அக்கோவையின் போக்கு. விளையாட்டு வாளுக்கு உருவம் எங்கே? ஆகவே ஒல்லாந்தச் சிறுவனுக்குக் கிடைத்த நீதி சீகிரியா இளைஞனுக்கும் அவ்வாறே கிடைக்குமென்று எண்ணிவிடக் கூடாது. ஒல்லாந்து நீதிமன்றத்தின் தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.

எனினும் அவன் முற்றிலும் நிராதரவானவன் அல்லன். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையின்றி ஒருவர் கணினியினுட் புகுவதே குற்றம். கணக்கை உடைத்துப் புகுந்தவனை அச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவரலாம். கணக்கை விற்பதாகச் சொல்லிப் பணத்தைப் பெற்று ஏமாற்றியவனுக்கோ, பழைய தண்டனைச் சட்டக்கோவையிலேயே இடமிருக்கிறது. வஞ்சித்துப் பணத்தைப் பெறுவது வஞ்சனைக் குற்றம். அங்கே வாளுக்கு உருவம் உண்டா என்ற வினா எழுவதில்லை. இழந்தது வாள் அன்று, ரூபாய். இந்நுட்பம் பலருக்குத் தெரியாமையினாலேயே, "விளையாட்டுச் சாமான் போனதற்குப் பொலிஸா?" என்று வெட்கி வாளாவிருந்து விடுகின்றனர்.

பதினெட்டு வயது நிரம்பாதவன் பெற்றோர் துணையின்றிச் செய்யும் ஒப்பந்தம் அவனைக் கட்டுப்படுத்தாது என்பதும் இந்நாட்டுப் பொதுச் சட்டத்தின் விதி. இதனால் சிறுவனுக்கு நன்மையும் உண்டு. சிறுவன் என்றறியாமல் அவனோடு வாணிகஞ் செய்யும் நேர்மையாளனுக்குத் தொல்லையும் உண்டு. கணக்கின் பின்னே இருப்பவன் பதினான்கு வயதினனா, நாற்பது வயதினனா என்பதை யார் கண்டது?

இதுகாறும் கூறியவை திருடனிடமிருந்து பெறும் காப்பு. நிறுவனத்திடமிருந்து பெறும் காப்பு எங்கே? இதுவே பெரிய வினா. ஒல்லாந்து நீதிமன்றம் தாயத்தைச் சிறுவனது ஆட்சியிற் கண்டதேயன்றி, அது நிறுவனத்துக்கு எதிராகவும் அவனுடைய சொத்தே என்று கூறிவிடவில்லை.

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடைசெய்தது. அக்டோபர் 30ஆம் நாள் அவ்விளையாட்டு இந்தியாவில் அடியோடு நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் அதற்காகப் பணஞ் செலவிட்டிருந்தோர் ஒருநாட் பொழுதில் வெறுங்கையராயினர். மறு ஆண்டில் வேறு பெயரோடு அதே விளையாட்டு திரும்பிவந்து, பழைய கணக்குகளை மாற்றிக்கொள்ள வாய்ப்பளித்தது. அது நிறுவனம் காட்டிய சலுகை. உரிமை என்று கேட்டுப் பெறத்தக்கதாக அது இருந்ததில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்தாடும் விளையாட்டுகளைத் தடைசெய்தது. பணங் கொடுத்து வாங்கிய நாணயமும் குறியீடும், பருப்பொருளாயினும் மெய்நிகர்ப் பொருளாயினும், பந்தயப் பணத்துக்கு ஒப்பாகலாம் என்று அச்சட்டம் கண்டுகொண்டது. சூதாட்டக் கதவின் வழியே அப்பொருளைச் சட்டம் பார்த்துவிட்டது. சொத்து என்னும் கதவின் வழியே பார்க்கும் நாள் இனித்தான் வரவேண்டும்.

பொருளின் அருமையும் நிறுவனத்தின் கையிலேயே உள்ளது. சீகிரியாவிலிருந்து சிறிது தூரத்திலுள்ள தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சென்று பார்ப்போர் விலை ஏறி இறங்கும் காரணத்தைக் கண்ணாற் காண்பர். மழை மிகுந்தால் வரத்துக் குறையும், விலை ஏறும். பாரவண்டிகள் நிரம்ப வந்தால் விலை இறங்கும். போஞ்சியை எவரும் கட்டளையிட்டுப் பெருக்க முடியாது. விளையாட்டு வாளை முடியும். 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில் வால்வ் நிறுவனம், கவுண்டர் ஸ்ட்ரைக் என்னும் தன் விளையாட்டில், மிக அரியனவாக இருந்த கத்திகளைப் பிற பொருள்களை மாற்றியே பெறலாம் என்று ஒரு சிறு விதியைத் திருத்தியது. கத்திகளின் விலை ஓரிரு நாளிற் சரிந்தது. சந்தையின் மொத்த மதிப்பிலே ஏறத்தாழ இருநூறு கோடி டொலர் மறைந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. மழையுமில்லை, வரட்சியுமில்லை, அலுவலகத்திலே ஒருவர் சில வரிகளை மாற்றி எழுதினார்.

இதனை வாழ்க்கைத் தொழிலாகவே கொள்ளலாமென்று நம்பினோர் கதையும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டில், பிலிப்பைன்ஸ் தீவுகளில் வேலையிழந்தோர் பலர் அக்சி இன்பினிட்டி என்ற விளையாட்டில் இறங்கினர். ஆடுவதற்குச் சில விளையாட்டு விலங்குகள் வேண்டும். அவற்றை வாங்க வசதியில்லாதோர்க்குப் பணமுள்ளோர் அவற்றை இரவலாகக் கொடுத்து, ஈட்டியதிற் பங்கு பெற்றனர். நிலவுடைமையாளரும் வாரக்குடியும் நேயர்களுக்குப் புதியவர் அல்லர். புதிது, அந்நிலம் திரையில் இருந்ததே. ஈட்டிய நாணயம் 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முப்பது அமெரிக்கச் சதத்துக்கு மேல் விலைபெற்றது. மறு ஆண்டின் நடுவில் ஒரு சதத்துக்கும் கீழே சென்றது. இடையில், 2022 மார்ச்சில், அவ்விளையாட்டின் பணப்பாதையை உடைத்து அறுநூறு மில்லியன் டொலருக்கும் மேற்பட்ட தொகையைக் கள்வர் கவர்ந்தனர். வடகொரியாவைச் சார்ந்த குழுவே அதைச் செய்ததென்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை அறிவித்தது. வாரக்குடிகளிற் பலர் முதலீட்டையும் எடுக்க முடியாது நின்றனர்.

அவ்வாண்டுகளில் சீகிரியாவின் நிலையும் எண்ணத்தக்கதே. 2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2021இல் வந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. குன்றின் அடிவாரத்துத் தங்குமனைகள் வெறிச்சோடின. வழிகாட்டியின் மகனும் முச்சக்கரவண்டி ஓட்டுபவரின் மகனும் சிறிது ஆங்கிலம் அறிந்தவர்கள், கையிலே தொலைபேசி, நாள் முழுவதும் ஓய்வு. பிற நாட்டிலுள்ள ஒருவனுக்காக இரவில் ஆடிக் கொடுத்தால் நாலு காசு வருமென்றால், அதனைச் சோம்பல் என்று ஏசுவது முறையாகுமா? உழைக்கும் விருப்பமே அங்கும் இருக்கிறது. அவ்வுழைப்புக்கு எழுதப்பட்ட கணக்கில்லை, சம்பளச் சீட்டில்லை, முறையிட ஓர் அலுவலகமில்லை என்பதுதான் குறை.

மீண்டும் நம் கற்பனை இளைஞனிடம் வருவோம். அவன் தன் சேமிப்போடு தாயிடமும் கடன் பெற்று, இருபத்தையாயிரம் ரூபாய்க்கு ஒரு கணக்கை வாங்கினான். நன்கு ஆடி உயர்த்தி நாற்பதினாயிரத்துக்கு விற்பது அவன் திட்டம். ஒன்பதாம் நாட் காலையில் கணக்குத் திறக்கவில்லை. விற்றவனின் தொலைபேசியும் ஒலிக்கவில்லை. தாயிடம் சொல்ல அஞ்சி இரண்டு நாள் உண்ணாமல் இருக்கிறான். மூன்றாம் நாள் தந்தைக்குத் தெரிகிறது. காற்றுக்கா காசு என்று முன்னர் கேட்ட அதே தந்தை, இம்முறை ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு மகனோடு புறப்படுகிறார்.

அவர்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை இவை: வங்கியிற் பணஞ் செலுத்திய சீட்டு, விற்றவன் அனுப்பிய செய்திகள், அழிக்காமல், அவன் தந்த தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும், கணக்குத் திறக்காத நாளும் நேரமும். பணம் ஒரு வங்கிக்குச் சென்றிருந்தால் அங்கே ஒரு மனிதனின் பெயர் இருக்கும். விளையாட்டில் அவனுக்கு எத்தனை புனைபெயர் இருந்தாலும் வங்கியில் ஒன்றுதான்.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்கு அப்பாலிருந்த அலுவலர் முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்து, "என்ன களவு போனது?" என்று கேட்கிறார். இளைஞன் உடையின் பெயரையும், துப்பாக்கியின் பெயரையும், அடைந்திருந்த நிலையின் பெயரையும் சொல்லத் தொடங்குகிறான். அலுவலரின் பேனா நகரவில்லை. தந்தை மகனின் தோளிற் கை வைத்து அவனை நிறுத்துகிறார்.

"இருபத்தையாயிரம் ரூபாய், ஐயா" என்கிறார். "ஏமாற்றி வாங்கிவிட்டான்."

பேனா எழுதத் தொடங்குகிறது.